பழைய பெரிய ஸ்மோக்கரைத் திருத்துவது எப்படி: காற்றில் தொடங்குங்கள்

மட்டக்களப்பு, கல்லடியில் இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அறுகம்பையில் மூடிவிட்ட ஒரு விருந்தினர் விடுதியில் இருந்து, இறைச்சி புகைபோடும் பெரிய ஸ்மோக்கர் ஒன்றை வாங்கி லொறியில் ஏற்றி வந்திருக்கிறார். பழைய டீசல் தாங்கியை அறுத்துச் செய்தது. நீளம் 5 அடி, குறுக்களவு 3 அடி. ஒரு பக்கத்தில் அடுப்புப் பெட்டி, மறுபக்கத்து உச்சியில் புகைபோக்கி. கதவு விளிம்பால் புகை வருகிறது. அடுப்புப் பக்கத்து இறைச்சி கருகும்போது மறுபக்கம் வேகவே இல்லை. அடியில் கறள், மூடியின் உள்பக்கத்தில் பெயின்ட் உரிகிறது. கல்யாண வீடுகளுக்கும், காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து விருந்துகளுக்கும் சமைத்துக் கொடுக்க யோசனை. கறளை உரஞ்சி, பெயின்ட் அடித்து, கதவுக்கு நல்ல சீல் போட்டால் போதுமா, என்ன விறகு பாவிக்கலாம் என்று கேட்கிறார்.

போதாது, தம்பி. நீங்கள் சொன்னவற்றில் பெயின்ட்டும் சீலும் கடைசியில் செய்ய வேண்டியவை. ஸ்மோக்கரின் வேலை, நெருப்பு மூச்சு விடுவதற்கும் அந்தச் சூடும் புகையும் இறைச்சியைத் தொட்டுக்கொண்டு வெளியே போவதற்கும் வழி விடுவது. அந்த வழி சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் இறைச்சி கைக்கும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வேர்க்ஷொப்களில் இந்த வேலைகளை நெடுங்காலமாகச் செய்துவரும் ஆள் என்பதால் அடித்துச் சொல்கிறேன்: முதலில் இரும்பு தாங்குமா என்று பாருங்கள், பிறகு அடுப்புப் பெட்டி, பிறகு காற்று, பிறகு சூட்டைப் பரப்புவது, அதன் பிறகுதான் கதவும் பெயின்ட்டும். கையில் இருக்கும் காசையும் அந்த ஒழுங்கிலேயே செலவழியுங்கள்.

உள்ளே உரிவது பெயின்ட் என்று சொல்கிறீர்கள். அநேகமாக அது பெயின்ட் இல்லை. கொழுப்பு ஆவியும் புகையும் மூடியில் படிந்து, கரிந்து, காய்ந்து செதில் செதிலாக விழும். ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கிப் பாருங்கள். கறுப்புப் பொடியாக உதிர்ந்தால் அது கரிந்த கொழுப்பு. ஒரு சுரண்டியும் கம்பிப் பிரஷும் எடுத்து ஒரு காலைப்பொழுது உழைத்தால் போய்விடும். தோல் மாதிரி வளைந்து, ஒரு பக்கத்தில் வெள்ளி நிறமோ சிவப்போ தெரிந்தால் அது பெயின்ட். அப்படியானால் ஒரு துளி மிஞ்சாமல் கழற்ற வேண்டும். நெருப்பு மூட்டி எரித்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். பழைய பெயின்ட்களில் ஈயம் இருந்திருக்கலாம். எரித்தால் அது புகையாகிக் காற்றில் வரும், சுற்றியிருக்கும் பிள்ளைகளுக்கு அது நஞ்சு. ஈரமாக வைத்துச் சுரண்டுங்கள், அல்லது படகு, இயந்திர வேலை நடக்கும் இடங்களில் மணல் வீசித் துப்புரவு செய்பவர்கள் இருந்தால் கொடுத்துவிடுங்கள். இறைச்சி இருக்கும் அறைக்குள் எந்தப் பெயின்ட்டும் திரும்ப வரக் கூடாது. சூடு தாங்கும் பெயின்ட் என்று ரின்னில் எழுதியிருந்தாலும் அது வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான்.

அடுத்தது கறள். நம்முடைய கரையில் இரும்பு சாவது மழையால் மட்டும் இல்லை. கடலில் இருந்து வரும் உப்பு இரும்பில் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும் கறள் ஏறும். ஒரு சின்னச் சுத்தியலால் தாங்கியின் அடி முழுக்கத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீர் என்று சத்தம் போடும். மெலிந்த இடத்தில் சத்தம் மொத்தென்று வரும், சில நேரம் சுத்தியலே உள்ளே இறங்கிவிடும். அந்த இடத்தைச் சுற்றி நல்ல இரும்பு வரும்வரை அறுத்தெடுத்து, அதே தடிப்பில் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். கறளின் மேல் தகட்டை ஒட்டினால் இரண்டுக்கும் இடையில் தண்ணீர் நின்று, அடுத்த மாரிக்குள் இரண்டுமே போய்விடும். மேலோட்டமான கறளுக்குக் கிறைண்டரில் கம்பிச் சக்கரம் போட்டு உரஞ்சினால் போதும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, உடனே சின்ன நெருப்பு மூட்டிக் காய வைக்க வேண்டும். கல்லடி, நாவலடிப் பக்கம் சில கிணறுகளில் உப்புத்தண்ணீர் வரும். அதில் கழுவினால் கறளுக்கு நீங்களே தீனி போட்டதாகிவிடும். குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ நல்லது.

வெல்டிங் தொடங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். தாங்கியில் ஏற்கனவே நெருப்பு எரிந்திருப்பதால் அதற்குள் டீசல் மிச்சம் இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் கால்களுக்கும் கைபிடிக்கும் இரண்டு முனையும் மூடிய குழாய் வைத்திருந்தால், உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து குழாய் வெடிக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துளை போட்டுவிட்டு வேலை செய்யுங்கள். பெரிதாக்குகிறேன் என்று இன்னொரு எண்ணெய் பீப்பாய் வாங்கி அறுக்கப் போனால் அது வேறு கதை: வெறுமையாகத் தெரியும் பீப்பாய்க்குள் இருக்கும் ஆவிதான் ஆட்களைக் கொல்கிறது. நன்றாகக் கழுவி, அறுக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பாமல் அதில் கிறைண்டர் வைக்க எந்த வேர்க்ஷொப் பாஸையும் விடாதீர்கள்.

இனி அடுப்புப் பெட்டி. இந்த வகை ஸ்மோக்கரில் முதலில் சாவது அதன் அடித்தளம்தான். காரணம் நெருப்பு என்று நினைப்பார்கள், உண்மையில் சாம்பல். விறகுச் சாம்பலில் இருக்கும் உப்புகள் ஈரத்தை உறிஞ்சி, இரும்போடு ஒட்டிக்கொண்டு இரவு பகலாக அரிக்கும். விடுதி மூடியபோது அந்தச் சாம்பலை யாரும் அள்ளியிருக்க மாட்டார்கள். உங்களுடையதன் அடித்தளத்தைப் பார்க்காமலே சொல்கிறேன், அறுத்துவிட்டு 6 மில்லிமீற்றர் தகடு போடுங்கள். விறகு வைக்கும் கம்பித்தட்டு அந்தத் தளத்தில் இருந்து 4 அங்குலமாவது உயரத்தில் நிற்க வேண்டும். கீழே சாம்பல் விழவும், அதற்கு மேலால் காற்று வந்து விறகைத் தொடவும் இடம் வேண்டும். பேக்கரி அடுப்புக்குப் போடும் தீச்செங்கல் கிடைத்தால் தளத்திலும் பக்கங்களிலும் அடுக்கலாம். சூட்டைப் பிடித்து வைக்கும், தகடும் நீண்ட காலம் நிற்கும்.

காற்றுக்கு வருவோம். உங்கள் தாங்கியின் கொள்ளளவு ஏறத்தாழ 1000 லீற்றர். ஸ்மோக்கர் கட்டுபவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு, அடுப்புப் பெட்டி இறைச்சி அறையின் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது. அதன்படி உங்களுக்கு ஒவ்வொரு பக்கமும் 2 அடி 3 அங்குலம் உள்ள பெட்டி வேண்டும். பெட்டியில் இருந்து அறைக்குள் போகும் வாய் 80 சதுர அங்குலத்துக்குக் குறையக் கூடாது. புகைபோக்கிக்கு 6 அங்குலக் குழாய், 3 அடி உயரம். அறுகம்பையில் இருந்து வந்ததை அளந்து பாருங்கள். புகைபோக்கி 3 அல்லது 4 அங்குலமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கையில் கிடந்த குழாயை வைத்து ஒட்டிவிடுவது நம் ஊரிலும் நடக்கிறது. புகைபோக்கி ஒடுங்கினால் நெருப்புக்கு இழுவை கிடைக்காது. இழுவை இல்லாத நெருப்பு புகைந்துகொண்டே கிடக்கும். அந்தப் புகைதான் உங்கள் கதவு விளிம்பால் வருகிறது. கதவில் நீங்கள் காணும் குறையில் பாதி புகைபோக்கியின் குறை.

புகைபோக்கி எங்கே தொடங்குகிறது என்பதும் முக்கியம். உங்களுடையது உச்சியில் தொடங்குகிறது. சூடான காற்று இயல்பாகவே மேலே எழும்பி, இறைச்சியைத் தொடாமல் நேரே உச்சித் துளையால் போய்விடும். கீழே இறைச்சி கிடக்கும் மட்டத்தில் சூடு குறைவாகவே இருக்கும். குழாயை அறையின் உள்ளே கம்பித்தட்டு மட்டம்வரை கீழே இறக்குங்கள். அல்லது தாங்கியின் பக்கச் சுவரில் அந்த மட்டத்தில் புது வாய் வெட்டி, அங்கிருந்து முழங்கை வளைவு போட்டு மேலே கொண்டு போங்கள். பழைய துளையைத் தகடு வைத்து மூடிவிடலாம். இந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கும் வித்தியாசம் வேறு எதிலும் கிடைக்காது. கையில் ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

காற்று ஒழுங்கான பிறகு சூடு எப்படிப் பரவுகிறது என்று பார்க்க மலிவான வழி இருக்கிறது. வெட்டிய பாண் இரண்டு மூன்று வாங்கி, துண்டுகளைக் கம்பித்தட்டு முழுக்கப் பரப்புங்கள். ஸ்மோக்கரை 150 பாகை செல்சியஸ் சூட்டுக்குக் கொண்டுவந்து வைத்து, துண்டுகள் நிறம் மாறத் தொடங்கியதும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மூலை கருகுகிறது, எது வெள்ளையாகக் கிடக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். பெரும்பாலும் அடுப்பு வாய்க்கு மேலே உள்ள ஒன்றரை அடிதான் கருகும். அதற்குக் கம்பித்தட்டுக்குக் கீழே, 5 அல்லது 6 மில்லிமீற்றர் தடிப்பில், ஓர் அடி அகலத் தகடுகளைக் குறுக்காக வையுங்கள். வெல்டிங் செய்யாதீர்கள், சும்மா கிடக்கட்டும். அடுப்புப் பக்கத்துத் தகட்டைச் சுவரோடு நெருக்கியும், அடுத்தடுத்தவற்றின் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் வைத்தால் சூடு மறுபக்கம்வரை ஓடி, இடைவெளிகளால் மேலே வரும். மறுபடி பாண், மறுபடி தகட்டை நகர்த்துவது. இரண்டு முனைகளுக்கும் இடையில் 10 பாகைக்குள் வித்தியாசம் வந்துவிட்டால் அதற்கு மேல் மினக்கெட வேண்டாம். அந்தச் சூடான முனை கோழிக்கு உதவும்.

தகட்டை முழு நீளத்துக்கு ஒட்டி, புகையை மறுமுனைவரை கீழால் அனுப்பி, திரும்ப மேலால் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்துப் புகைபோக்கியால் விடும் முறையும் இருக்கிறது. சூடு சமமாகத்தான் வரும். ஆனால் புகைபோக்கியை இடம் மாற்ற வேண்டும், இரும்பு அதிகம் தேவை, விறகும் கூடப் போகும், தகட்டில் விழும் கொழுப்பைக் கழுவுவதும் பெரும்பாடு. ஏற்கனவே கட்டிய ஒன்றை அப்படி மாற்றுவது வீண் செலவு என்பது என் எண்ணம்.

கதவு. தாங்கியை வளைத்தபோது இரும்புக்குள் இறுகி நின்ற விசை, கதவை வெட்டி எடுத்ததும் தளர்ந்து தகட்டை விரித்துவிடும். அதனால் கதவு விளிம்பு தாங்கியோடு பொருந்தாமல் நிற்கிறது. சீல் போடுவதற்கு முன் பிணைச்சலை இறுக்கி, விரிந்த இடங்களைச் சூடாக்கி இழுத்து வளைத்து, வெளி விளிம்பைச் சுற்றி ஒன்றரை அங்குலப் பட்டை இரும்பு ஒட்டுங்கள். மூடியை இழுத்துப் பிடிக்கும் கொக்கி இரண்டு வையுங்கள். அதன் பிறகும் இடைவெளி இருந்தால் சூடு தாங்கும் கண்ணாடி நார்ப் பட்டை ஒட்டலாம். வாகனக் கதவு ரப்பர் வேண்டாம், அது உருகி நாறும். பழைய கொதிகலன்களில் இருந்து கழற்றிய வெள்ளைக் கயிறு என்று யாராவது தந்தால் தொடாதீர்கள், அது சுவாசப்பையைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் நாராக இருக்கக்கூடும். இறைச்சி அறைக் கதவால் கொஞ்சம் புகை வருவது பெரிய குறையும் இல்லை. நாள் போகக் கொழுப்பும் கரியும் சேர்ந்து தானே அடைத்துவிடும். அடுப்புப் பெட்டியின் கதவு அப்படி இல்லை. அங்கே ஓட்டை இருந்தால் காற்று உங்களைக் கேட்காமல் உள்ளே வரும், நெருப்பை அடக்கவே முடியாது. கவனத்தை அங்கே வையுங்கள்.

மூடியில் இருக்கும் வெப்பமானி உச்சிச் சூட்டைக் காட்டுகிறது, இறைச்சி கிடப்பதோ அதற்கு ஓர் அடி கீழே. கம்பித்தட்டு மட்டத்தில் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று பொருத்துங்கள். பொருத்தும் முன் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் சரியாக 100 பாகை காட்ட வேண்டும். இறைச்சிக்குள் குத்திப் பார்க்க ஒரு டிஜிட்டல் வெப்பமானி கட்டாயம் வேண்டும்.

கம்பித்தட்டுகளை எப்படியும் புதிதாக மாற்றுங்கள். துத்தநாகம் பூசிய வலையையோ பழைய குளிர்சாதனப் பெட்டித் தட்டையோ போடாதீர்கள். புளி, எலுமிச்சை, வினாகிரி சேர்ந்த இறைச்சியில் துத்தநாகம் கரையும்; பழைய குளிர்சாதனப் பெட்டித் தட்டுகளில் கட்மியம் என்ற நச்சு உலோகப் பூச்சும் இருந்திருக்கிறது. அதேபோல் துத்தநாகம் பூசிய குழாயில் வெல்டிங் செய்தால் அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். கறுப்பு இரும்பு அல்லது 304 வகை கறள்பிடியா உருக்குக் கம்பி எடுங்கள்.

தட்டுகளை மாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டுப் பயணிகள் தங்கிய விடுதியில் இருந்து வந்த ஸ்மோக்கரில் பன்றி வெந்திருக்கலாம். நீங்கள் முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சமைத்துக் கொடுக்கப் போகிறீர்கள். விற்றவரிடம் கேளுங்கள், தெரியாது என்றால் வெந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், அதாவது அந்த மார்க்கச் சட்ட வழியில், பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீரால். உட்பக்கத்தை இரும்பு தெரியும்வரை சுரண்டிய பிறகு, பள்ளிவாசல் மௌலவி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் சொல்கிறபடி அவர் கண்முன்னாலேயே கழுவுங்கள். அதற்குப் பிறகு அந்த ஸ்மோக்கரில் பன்றி ஒருபோதும் ஏறக் கூடாது. மட்டக்களப்பில் பன்றி கேட்கும் வாடிக்கையாளர் வந்தால் அதற்குத் தனிப் பீப்பாய் வையுங்கள். இதை ஒளித்து வியாபாரம் செய்வது சமைப்பவன் செய்யக்கூடாத காரியம்.

எல்லாம் ஒட்டி முடிந்து, கழுவிக் காய்ந்த பிறகு உட்பக்கத்துக்கு எண்ணெய். நம் வீடுகளில் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான். ஆனால் இந்த வேலைக்கு அது சரிவராது. அதில் இருப்பது பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு, சூட்டில் இறுகிப் படலமாகாது. பிசுபிசு என்று கிடந்து சிக்கல் வாடை அடிக்கும். சோயா எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெயைத் துணியில் தொட்டு, மெல்லிசாக, துடைத்தெடுத்தது போலப் பூசுங்கள். பிறகு 150 பாகையில் மூன்று மணித்தியாலம் எரிய விடுங்கள். ஆறியதும் இன்னொரு தடவை. உட்பக்கம் கறுத்து மினுங்கினால் சரி. வெளியே 600 பாகை தாங்கும் பெயின்ட். அடுப்புப் பெட்டியில் அதுவும் நெடுநாள் நிற்காது, சமையல் முடிந்து இளஞ்சூடாக இருக்கும்போது எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டால் போதும். சிவப்பு ஒக்சைட் பிரைமரைக் கால்களுக்கும் சட்டத்துக்கும் மட்டும் அடியுங்கள்.

விறகைப் பற்றிக் கேட்டீர்கள். மாவும் கொய்யாவும் நம்மிடம் தாராளம், இரண்டின் புகையும் மென்மை, கோழிக்கும் மீனுக்கும் ஆட்டுக்கும் பொருந்தும். புளி கடினமான மரம், நின்று எரியும், நல்ல தணல் தரும், மாட்டிறைச்சிக்கு ஏற்றது. வேம்பு வேண்டாம். முதிரை எண்ணெய்ப்பிடிப்புள்ள மரம், அதன் தூளே சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும். அதைச் சாப்பாட்டுக்கு அருகில் கொண்டு வராதீர்கள். மரமுந்திரிகைக் கொட்டையின் கோதில் இருக்கும் எண்ணெய் தோலையும் கண்ணையும் பொசுக்கும், அதை எரிக்கவே கூடாது. வாவிக்கரைக் கண்டலை வெட்டாதீர்கள், யாராவது வெட்டி வந்து தந்தாலும் வாங்காதீர்கள். இறாலும் நண்டும் குஞ்சு வளர்வது அதன் வேருக்குள். பொருட்கள் வரும் பலகைத் தட்டுகள், பழைய ரயில் சிலிப்பர் கட்டைகள், பெயின்ட் பட்ட ஜன்னல் சட்டங்கள் எதையும் எரிக்காதீர்கள், அவற்றில் நஞ்சு இருக்கலாம். சிரட்டைக் கரி தணலுக்கு அருமையான பொருள். கரியாக்காத சிரட்டையும் பொச்சுமட்டையும் நெருப்புப் பற்ற வைக்க உதவும், இறைச்சி ஏறிய பிறகு அவற்றைப் போட்டால் புகை காரமாகிவிடும்.

எந்த மரம் என்பதை விட அது காய்ந்ததா என்பதுதான் பெரிய கேள்வி. மணிக்கட்டுத் தடிப்பில் பிளந்து, நிலத்தில் படாமல் அடுக்கி, ஆறு மாதமாவது காய விட வேண்டும். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள் அதற்கென்றே அமைந்தவை. ஐப்பசி பிறக்கும் முன் எல்லாம் கூரைக்குக் கீழே போய்விட வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும், முனைகளில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். ஈரவிறகு போட்டால் நல்ல புகை வரும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. வருவது அடர்ந்த வெள்ளைப் புகை; அது இறைச்சியில் கசப்பாகப் படியும். சுவையான புகை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, புகைபோக்கி வாயில் இலேசான நீலமாகத் தெரியும். மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடையும்போது வரும் குவாயகோல், சிரிங்கோல் போன்றவைதான் அந்த மணத்தைத் தருகின்றன. அவை வருவதற்குச் சின்ன, ஆனால் சுடர் விட்டு எரியும் நெருப்பு வேண்டும்.

ஆகவே புகைபோக்கி மூடியை எப்போதும் முழுக்கத் திறந்து வையுங்கள், சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அடுப்புப் பெட்டியின் காற்றுவாயாலும் விறகின் அளவாலும்தான். முதலில் ஒரு மணித்தியாலம் வெறும் ஸ்மோக்கரைச் சூடாக்குங்கள். பிறகு முப்பது நாற்பது நிமிடத்துக்கு ஒரு கட்டை. அடுத்த கட்டையைப் பெட்டியின் மேல் வைத்துச் சூடாக்கினால் உள்ளே போனதும் உடனே பற்றும். அறைச் சூடு 110 இலிருந்து 120 பாகை. கொழுப்பு தணலில் விழுந்து எரியும்போது பென்சோபைரின் என்ற, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் உண்டாகி இறைச்சியில் ஏறும். ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டெம்பரில் இருந்து புகைபோட்ட இறைச்சியில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. பக்கத்து அடுப்பு உள்ள உங்கள் வகையில் கொழுப்பு நெருப்பில் விழாது, அது இந்த அமைப்பின் பெரிய நன்மை. கொழுப்பு வடிய அடியில் ஒரு குழாயும் வாளியும் வைத்து, முழுச் சட்டத்தையும் அந்தப் பக்கம் சற்றுச் சரித்து நிறுத்துங்கள்.

இறைச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் விளையாட வேண்டாம். நம் வெயிலில் பச்சை இறைச்சி வெளியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. மசாலா பூசி ஊறுவதெல்லாம் குளிர்சாதனப் பெட்டிக்குள். கோழியின் தடித்த இடத்தில் 74 பாகை வர வேண்டும். வெந்ததைப் பரிமாறும்வரை 60 பாகைக்கு மேல் வைத்திருங்கள். 30 பாகைக்குக் கீழே புகை மட்டும் போடும் குளிர்ப்புகை முறையை இணையத்தில் பார்த்துவிட்டு முயற்சி செய்யாதீர்கள். இங்கே காற்றே அந்தச் சூட்டில் இருக்கிறது, அது கிருமி வளர்ப்பதாகத்தான் முடியும். சூரை மீன் போடுவதாக இருந்தால் பிடித்ததில் இருந்து ஐஸில் இருந்த மீனாகப் பாருங்கள். பழுதாகும் சூரையில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நஞ்சு எந்தச் சூட்டிலும் புகையிலும் போகாது.

இணையத்தில் காட்டும் நெஞ்சுத்துண்டை நம் ஊர் மாட்டில் எதிர்பார்க்காதீர்கள். மேய்ச்சல் மாடு, உடம்பில் கொழுப்புக் குறைவு, நெஞ்சுத்துண்டு மெல்லிசு. 12 மணித்தியாலம் வைத்தால் காய்ந்துவிடும். தோள், விலா, கால் இறைச்சி எடுங்கள். அவற்றின் நரம்புச் சவ்வில் உள்ள கொலாஜன் மெதுவாகக் கரைந்து இறைச்சியை மெதுமையாக்கும். உள்ளே 70 பாகைக்குக் கிட்ட வந்ததும் சூடு மணிக்கணக்கில் ஏறாமல் நிற்கும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிக் குளிர வைப்பதால் அப்படி. பயந்து நெருப்பைக் கூட்டாதீர்கள். அந்த நேரத்தில் வாட்டிய வாழையிலையில் சுற்றி, மேலே அலுமினியத் தாள் போட்டுத் திரும்ப வையுங்கள். 93 பாகையில் கம்பி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். வெட்டும்போது ஓரத்தில் ஓர் இளஞ்சிவப்பு வளையம் தெரியும். வேகவில்லை என்று கல்யாண வீட்டில் திருப்பி அனுப்புவார்கள், முன்பே சொல்லி வையுங்கள்: நெருப்பில் உண்டாகும் நைத்திரிக் ஒக்சைட் இறைச்சியின் நிறப்பொருளோடு சேர்வதால் வரும் நிறம் அது.

எங்கே வைப்பது என்பது கடைசி. மணலில் வைத்தால் கால் இறங்கும், சீமெந்துக் கட்டையில் நிறுத்துங்கள். கச்சான் மேற்கிலிருந்தும் மாரியில் வாடை வடகிழக்கிலிருந்தும் வரும். காற்றுவாய் இரண்டுக்கும் நேரே முகம் கொடுக்காமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு வீச்சிலேயே சூடு 50 பாகை ஏறிவிடும். கிடுகுக் கொட்டிலுக்குள் எரிக்காதீர்கள். நான்கு பக்கமும் திறந்த, உயரமான தகரக் கூரை போதும். மூடிய அறையில் எரித்தால் காபனோரொக்சைட் என்ற நச்சு வாயு ஆளை எழும்ப விடாது. சும்மா இருக்கும் நாட்களில் தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றாமல், புகைபோக்கிக்கு ஒரு தொப்பி வைத்து, கதவைச் சற்றுத் திறந்து விடுங்கள். சாம்பலை ஒவ்வொரு சமையலுக்கும் மறுநாள் காலை அள்ளிவிட வேண்டும், மழைக்காலத்தில் கட்டாயமாக. முதல் இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு மட்டும் கோழிக்கால் போட்டுப் பழகுங்கள். கல்யாண ஓர்டரை அதற்குப் பிறகு எடுக்கலாம்.